ஐபிஎம் 1620: முதல் நிரலை எழுதி, கம்பைல் செய்து, ஓட்டும் வழி

ஐபிஎம் நிறுவனம் 1620 கணினியை 1959 அக்டோபரில் அறிவித்தது. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் வாங்கக்கூடிய அளவில் வந்த அறிவியல் கணினி இது. 1970-இல் விற்பனை நிறுத்தப்படும் வரை சுமார் 2,000 பொறிகள் தயாராயின. 1963-இல் ஐஐடி கான்பூருக்கு வந்ததும் 1620தான். ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அங்கே மாணவர்களுக்கு ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொடுத்ததும் இந்தப் பொறியை வைத்துத்தான். அடுத்த தலைமுறைகளுக்குக் கணினி கற்பித்த ஆசிரியர்களில் பலர் கன்சோலின் (கணினியை இயக்கும் பலகையின்) முன் முதன்முதலாக உட்கார்ந்தது இங்கேதான் என்பதாலேயே எனக்கு இந்தப் பொறிமேல் தனி மரியாதை.

இன்று இதை ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு சிம்ஹெச் என்ற இலவசப் போலிப்பொறி, அதாவது பழைய கணினிபோலவே நடந்துகொள்ளும் மென்பொருள், இருக்கிறது. அதில் 1620-க்குத் தனிப் பகுதியே உண்டு. ஆனால் நேராக அதைத் திறந்தால், எந்தப் படி எதற்காக என்பது புரியாமலே போய்விடும். அதனால் உண்மையான பொறியின் முன் நிற்பதாகவே வைத்துக்கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். போலிப்பொறியில் எது எதற்கு ஈடு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோள்: ஃபோர்ட்ரானில் தொடங்காதீர்கள். முதலில் எண்களாலேயே ஆன ஒரு சின்ன நிரலைக் கையால் உள்ளிட்டு ஓட்டுங்கள். நாம் எழுதியதைப் பொறியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் நமக்காக என்ன வேலை செய்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

பொறியைப் பற்றித் தெரிய வேண்டியவை

1620 பத்தடிமானக் கணினி. நினைவகத்தின் ஒவ்வொரு இடத்திலும் 0 முதல் 9 வரை ஒரு இலக்கம் இருக்கும். அடிப்படைப் பொறியில் 20,000 இடங்கள். முகவரிகள் 00000-இலிருந்து 19999 வரை. கூடுதல் பெட்டி இணைத்தால் 40,000 அல்லது 60,000 வரை போகலாம். நினைவகத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பதினறும எண்களாக மாற்றாமல் அப்படியே படிக்கலாம். புதியவர்களுக்கு இதைவிட நல்ல பொறி கிடையாது என்றே நான் நினைக்கிறேன்.

ஒவ்வொரு இலக்கத்துக்கும் கூடவே ஃபிளாக் என்ற ஒரு பிட் உண்டு. அதற்கு இரண்டு முக்கிய வேலைகள். ஓர் எண்ணின் இடது ஓர இலக்கத்தில் ஃபிளாக் இருந்தால், 'எண் இங்கே முடிகிறது' என்று பொருள். வலது ஓர இலக்கத்தில் இருந்தால், எண் குறை எண். ஆக, எண்ணின் நீளத்தை நீங்களே தீர்மானிக்கலாம். இரண்டு இலக்கமும் இருக்கலாம், இருநூறு இலக்கமும் இருக்கலாம். எண்ணின் முகவரி என்றால் அதன் வலது ஓர இலக்கத்தின் முகவரி. கணக்கு வலமிருந்து இடமாக நடக்கும், நாம் தாளில் போடுவதுபோலவே.

அடுத்தது, இந்தப் பொறியில் கூட்டுவதற்கென்று தனிச் சுற்று கிடையாது. 00300 முதல் 00399 வரை கூட்டல் வாய்ப்பாடு, 00100 முதல் 00299 வரை பெருக்கல் வாய்ப்பாடு. 5-ஐயும் 7-ஐயும் கூட்ட வேண்டுமானால் பொறி 00357-ஆம் இடத்தைப் போய்ப் பார்க்கும். அங்கே 2 இருக்கும், அதன்மேல் ஃபிளாக் இருக்கும். ஃபிளாக் என்றால் 'கையில் ஒன்று'. வாய்ப்பாடு சாதாரண நினைவகத்திலேயே இருப்பதால் உங்கள் நிரல் தவறுதலாக அதன்மேல் எழுதிவிடவும் முடியும். எழுதிவிட்டால் கணினி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தப்புத் தப்பாகக் கூட்டும். புதியவர்கள் மணிக்கணக்கில் தேடும் பிழைகளில் இதற்குத்தான் முதலிடம். எனவே 00100 முதல் 00399 வரையிலான பகுதியைத் தொடவே தொடாதீர்கள். 00080 முதல் 00099 வரை பெருக்கலின் விடை வந்து விழும் இடம்; பெருக்கல் உள்ள நிரலில் அங்கேயும் எதையும் வைக்கக்கூடாது.

ஒவ்வொரு கட்டளையும் 12 இலக்கம். முதல் இரண்டு, என்ன செய்ய வேண்டும் என்ற குறியீடு. அடுத்த ஐந்து 'பி' முகவரி, கடைசி ஐந்து 'க்யூ' முகவரி. பெரும்பாலும் விடை போய்ச் சேருமிடம் 'பி'. 'க்யூ'வில் இருப்பது மூல எண்ணின் முகவரி, அல்லது அந்த எண்ணேதான்.

மின்சாரம் கொடுத்து, நினைவகத்தைத் துடைத்து

பவர் ஸ்விட்சைப் போட்டவுடன் வேலை தொடங்காது. காந்த வளையங்களாலான நினைவகம் உரிய வெப்பத்துக்கு வரவேண்டும். 'பவர் ரெடி' விளக்கு எரியும் வரை காத்திருங்கள். கன்சோலில் 'எமர்ஜென்சி ஆஃப்' என்று ஒரு இழுப்பு ஸ்விட்ச் இருக்கும். புகை வந்தால் மட்டும் இழுக்க வேண்டியது அது. இழுத்துவிட்டால் பராமரிப்புப் பொறியாளர் வந்து சரிசெய்யும் வரை பொறி ஓடாது.

கன்சோலில் நமக்கு வேண்டிய பொத்தான்கள் சிலதான்: ரீசெட், இன்சர்ட், ரிலீஸ், ஸ்டார்ட், ஸ்டாப்-எஸ்ஐஇ, இன்ஸ்டன்ட் ஸ்டாப். இன்சர்ட்டை அழுத்தினால் கன்சோலின் டைப்ரைட்டர் உயிர்பெறும். நீங்கள் அடிக்கும் இலக்கங்கள் 00000-ஆம் இடத்திலிருந்து வரிசையாக நினைவகத்தில் இறங்கும். ரிலீஸ் அழுத்தினால் உள்ளீடு முடியும். ஸ்டார்ட் அழுத்தினால் 00000-இல் உள்ள கட்டளையிலிருந்து ஓட்டம் தொடங்கும்.

முன்னால் ஓட்டியவரின் மிச்சம் மீதி நினைவகத்தில் கிடக்கும். அதைத் துடைக்க ஒரே ஒரு கட்டளை போதும். ரீசெட், இன்சர்ட், பிறகு இதை அடியுங்கள்:

16 00010 00000

(இடைவெளி படிப்பதற்காகத்தான். பொறியில் 12 இலக்கத்தையும் சேர்த்தே அடிக்க வேண்டும்.) ரிலீஸ், ஸ்டார்ட். ஓரிரு நொடி பொறுத்து இன்ஸ்டன்ட் ஸ்டாப், ரீசெட்.

இது எப்படி வேலை செய்கிறது? 16 என்றால் 'க்யூவில் உள்ள எண்ணைப் பியில் வை'. க்யூவின் கடைசி இலக்கம் 00011-ஆம் இடத்தில் இருக்கிறது, மதிப்பு 0. அது 00010-க்குப் போகிறது. பிறகு 00010-இல் உள்ளது 00009-க்கு, அது 00008-க்கு என்று ஒவ்வொரு இடமாக 0 பரவிக்கொண்டே போகும். ஃபிளாக் வந்தால்தான் இந்தக் கட்டளை நிற்கும். தான் போட்ட பூஜ்யங்களையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதால் ஃபிளாக் வரவே வராது. நினைவகம் முழுக்கச் சுற்றி, கட்டளை தன்னையே அழித்துக்கொண்ட பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

வாய்ப்பாடுகளும் சேர்ந்தே அழிந்துவிட்டன என்பதை மறந்துவிடாதீர்கள். அடுத்த வேலையாக, வாய்ப்பாடு துளையிடப்பட்ட அட்டைகளை அட்டை ரீடரில் வைத்து லோட் அழுத்தி ஏற்றிவிடுங்கள். ஒவ்வொரு 1620 அறையிலும் இந்த அட்டைகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

எண்களால் முதல் நிரல்

25-உடன் 17-ஐக் கூட்டி விடையை டைப்ரைட்டரில் அடிக்கும் நிரல் இது.

16 00070 00025
11 00070 00017
34 00000 00102
38 00069 00100
48 00000 00000

முதல் வரி 25-ஐ 00070-இல் வைக்கிறது. அதாவது 00069-இல் 2, 00070-இல் 5. இரண்டாவது வரி அதனுடன் 17-ஐக் கூட்டுகிறது. 11 என்றால் 'க்யூவில் உள்ள எண்ணையே எடுத்துக் கூட்டு'. மூன்றாவது, டைப்ரைட்டரைப் புது வரிக்குக் கொண்டுபோகிறது. நான்காவது, 00069-இலிருந்து இலக்கங்களை அடிக்கச் சொல்கிறது. ஐந்தாவது, நில்.

மூன்றாம் நான்காம் வரிகளில் க்யூவின் நடுவே உள்ள 01-ஐக் கவனியுங்கள். அதுதான் டைப்ரைட்டரின் எண். 02 காகித நாடாத் துளைப்பான், 03 நாடா ரீடர், 04 அட்டைத் துளைப்பான், 05 அட்டை ரீடர். மூன்றாவது வரியின் கடைசி 2, 'புது வரி' என்ற உத்தரவு.

இனி ஃபிளாக்குகள். முதல் வரியில் 25-இன் 2-க்கும், இரண்டாவது வரியில் 17-இன் 1-க்கும் ஃபிளாக் வேண்டும். இரண்டுமே அந்தந்தக் கட்டளையின் பதினொன்றாவது இலக்கம். டைப்ரைட்டரில் ஃபிளாக் சாவியை முதலில் அழுத்திவிட்டு, பிறகு இலக்கத்தை அடிக்க வேண்டும். தாளில் அந்த இலக்கத்தின்மேல் ஒரு கோடு விழும். இதை விட்டுவிட்டால் எண் எங்கே முடிகிறது என்று பொறிக்குத் தெரியாது. 16-ஆம் கட்டளை துடைக்கும் வேலையைத் தொடங்கிவிடும்.

ஐந்து கட்டளைகள் 60 இலக்கம்; 00000 முதல் 00059 வரை நிரம்பிவிட்டது. அதன்பின் 11 பூஜ்யங்களை அடியுங்கள். இவை 00060-இலிருந்து 00070 வரை போகும். அப்புறம் ரெக்கார்டு மார்க் சாவியை ஒருமுறை. அது 00071-இல் உட்காரும். 38-ஆம் கட்டளை ரெக்கார்டு மார்க்கைக் கண்டால்தான் நிற்கும். அது இல்லாவிட்டால் நினைவகத்தில் உள்ளதையெல்லாம் அடித்துக்கொண்டே போகும்.

ஆக வரிசை: ரீசெட், இன்சர்ட், 72 எழுத்துகள், ரிலீஸ், ஸ்டார்ட். டைப்ரைட்டர் புது வரிக்குப் போய் 42 என்று அடிக்கும். 4-இன் மேல் ஃபிளாக் கோடு இருக்கும். அடிக்கும்போது பிழை நேர்ந்தால் ரீசெட் அழுத்தி முதலிலிருந்து தொடங்குவதே நல்லது. நடுவில் ஒட்டுப்போடப் போனால் இலக்கங்கள் ஒரு இடம் தள்ளி விழுந்து எல்லாம் குழம்பும்.

42-க்குப் பதிலாக 00 வந்தால் வாய்ப்பாடு ஏறவில்லை. 7-க்கும் 5-க்கும் உரிய இடத்தில் 0, 2-க்கும் 1-க்கும் உரிய இடத்தில் 0; பொறி பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறது. ஒருமுறை வேண்டுமென்றே வாய்ப்பாட்டை அழித்துவிட்டு இதை ஓட்டிப் பாருங்கள். பொறி எப்படிக் கணக்குப் போடுகிறது என்பது மனத்தில் ஆழமாகப் பதியும்.

கூட்டல் குறியீடான 11-ஐ 12 ஆக்கினால் கழித்தல், விடை 08. பிறகு 25-ஐயும் 17-ஐயும் இடம் மாற்றுங்கள். விடை மறுபடியும் 08, ஆனால் இப்போது இரண்டு இலக்கத்தின் மேலும் கோடு. வலது ஓரக் கோடு குறைக் குறி.

அதே நிரல், ஒரே அட்டையில்

ஒவ்வொரு தடவையும் 72 எழுத்தை அடிப்பது அலுப்பான வேலை. துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் உண்டு. நம் நிரல் அதில் அடங்கிவிடும்.

ஐபிஎம் 026 பஞ்ச் மெஷினில் உட்கார்ந்து அதே வரிசையில் துளையிடுங்கள். ஃபிளாக் உள்ள இலக்கத்துக்கு அட்டையில் 11-ஆம் வரிசையில் ஒரு கூடுதல் துளை வேண்டும். 11-உம் 2-உம் சேர்ந்த துளை 'கே' என்ற ஆங்கில எழுத்தின் துளைதான்; 11-உம் 1-உம் சேர்ந்தால் 'ஜே'. ஆகவே 2-க்குப் பதில் கே, 1-க்குப் பதில் ஜே அடித்தால் போதும். ரெக்கார்டு மார்க்குக்கு 0, 2, 8 மூன்றையும் ஒரே நெடுவரிசையில் துளையிட வேண்டும். 026-இல் மல்டிபஞ்ச் சாவியைப் பிடித்துக்கொண்டு மூன்றையும் அடிக்கலாம்.

அட்டையை 1622 ரீடரில் முகம் கீழே, 9-ஆம் வரிசை ஓரம் முன்னே இருக்கும்படி வைத்து, லோட் பொத்தானை அழுத்துங்கள். 80 நெடுவரிசைகளும் 00000 முதல் 00079 வரை இறங்கும். உடனே 00000-இலிருந்து ஓட்டம் தொடங்கும். லோட் பொத்தான் செய்வது இவ்வளவுதான். எவ்வளவு பெரிய கம்பைலரும் இப்படி ஒரே அட்டையில்தான் தொடங்குகிறது: முதல் அட்டை இறங்கி அடுத்த அட்டைகளைப் படிக்கும், அவை இன்னும் பெரிய ஏற்றியைக் கொண்டுவரும்.

ஃபோர்ட்ரான்

இனி கம்பைலர். 1620-க்குப் பல ஃபோர்ட்ரான்கள் உண்டு. நான் சொல்லப்போவது அட்டையில் ஓடும் ஃபோர்ட்ரான் 2. அதற்கு 20,000 இட நினைவகம் போதாது, 40,000 வேண்டும்.

முதலில் தாள். கோடிங் ஷீட்டில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, பென்சிலால் எழுதுங்கள். முதல் ஐந்து நெடுவரிசை கூற்றின் (ஃபோர்ட்ரான் கட்டளையின்) எண்ணுக்கு. ஆறாவது, முந்தைய அட்டையின் தொடர்ச்சி என்றால் மட்டும். 7 முதல் 72 வரை கூற்று. 73 முதல் 80 வரையுள்ளதைக் கம்பைலர் பார்க்காது. அங்கே வரிசை எண் போடுங்கள். முதல் நெடுவரிசையில் 'சி' இருந்தால் அது குறிப்பு அட்டை.

நம் நிரல்: இரண்டு எண்களைப் படித்து, இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி, அட்டையில் துளையிட்டுத் தர வேண்டும். முதல் கூற்றுக்கு எண் 10: 'ரீட் 1, ஏ, பி'. அடுத்து 'டி = ஏ*ஏ + பி*பி'. பிறகு 'பஞ்ச் 2, ஏ, பி, டி'. அதன்பின் 'கோ டூ 10'. அப்புறம் இரண்டு ஃபார்மேட் கூற்றுகள். எண் 1 உள்ளது, எட்டு நெடுவரிசைக்கு ஒன்றாக இரண்டு தசம எண்கள். எண் 2 உள்ளது, அதே இரண்டும் பன்னிரண்டு நெடுவரிசையில் விடையும். கடைசியில் 'எண்ட்'. மொத்தம் ஏழு அட்டை.

மாறிகளின் பெயரில் கவனம் வேண்டும். 'ஐ' முதல் 'என்' வரையான ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் முழு எண், மற்றவை தசம எண். முழு எண்ணுக்கு வழக்கமான நீளம் நான்கு இலக்கம்தான். 9999-ஐத் தாண்டும் எண்ணை அதில் வைக்க முடியாது. ஃபோர்ட்ரான் 2-இல் நிரலின் முன்னால் ஒரு கட்டுப்பாட்டு அட்டை வைத்து முழு எண்ணைப் பத்து இலக்கம் வரையும், தசம எண்ணை 28 இலக்கம் வரையும் நீட்டலாம். நீட்டினால் நினைவகம் சீக்கிரம் தீரும்.

துளையிடும்போது ஒரு சின்னச் சிக்கல் வரும். வணிகக் கணக்குக்கென வந்த 026 மெஷின்களில் திறக்கும் அடைப்புக்குறிக்குரிய துளையைப் போட்டால் அட்டையின் மேல்விளிம்பில் சதவீதக் குறி அச்சாகும். சமக் குறிக்கு வேறொரு குறி அச்சாகும். துளை சரிதான், அச்சுதான் வேறு. அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

துளையிட்டு முடித்ததும் அட்டைக் கட்டை ஒழுங்காகத் தட்டிச் சேர்த்து, மேல்விளிம்பில் மார்க்கரால் குறுக்கே ஒரு சாய்கோடு போடுங்கள். ஏதாவது ஓர் அட்டை இடம் மாறினால் கோடு உடைந்து தெரியும். கட்டு கீழே விழுந்து சிதறினால் 73–80-இல் உள்ள வரிசை எண்ணை வைத்து அட்டைகளை வரிசைப்படுத்தும் சார்ட்டர் மெஷினில் மீண்டும் அடுக்கிவிடலாம். எண் போடாதவர் கையால்தான் அடுக்க வேண்டும்.

கன்சோலுக்குப் போகுமுன் நிரலைத் தாளிலேயே ஓட்டிப் பாருங்கள். ஏ 3, பி 4 என்று வைத்து ஒவ்வொரு அட்டையாக விரலால் தொட்டு, மாறிகளின் மதிப்பைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். கணினி நேரம் எல்லோருக்கும் பொதுவானது. உங்களுக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். தாளில் கண்டுபிடிக்கக்கூடிய பிழையைக் கன்சோலில் கண்டுபிடிப்பது அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொள்வது.

முதல் பாஸ் (கம்பைலரின் முதல் சுற்று): கம்பைலரின் 'பாஸ் 1' கட்டை ரீடரில் வைத்து லோட் அழுத்துங்கள். அது ஏறி முடிந்ததும், நிரலைப் போட்டு ஸ்டார்ட் அழுத்தும்படி டைப்ரைட்டர் சொல்லும். உங்கள் ஏழு அட்டைகளை வையுங்கள். துளைப்பான் பக்கம் போதுமான வெற்று அட்டைகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கன்சோலிலும் ரீடரிலும் பஞ்சிலும் ஸ்டார்ட் அழுத்துங்கள். ரீடர் நிமிடத்துக்கு 250 அட்டை படிக்கும், துளைப்பான் 125 அட்டை துளையிடும். ரீடரின் தட்டு காலியானதும் கடைசிச் சில அட்டைகள் உள்ளேயே நிற்கும். ரீடரின் ஸ்டார்ட்டை மறுபடி அழுத்தினால்தான் அவை படிக்கப்படும். புதியவர்கள் பொறி உறைந்துவிட்டதோ என்று பயப்படுவது இங்கேதான்.

பிழை இருந்தால் டைப்ரைட்டர் பிழையின் எண்ணை அடிக்கும், விளக்கம் கையேட்டில்தான். எண்ணைப் பார்த்து, தப்பான அட்டையை மட்டும் மாற்றி, மறுபடி முதலிலிருந்து. பிழை இல்லையென்றால் துளைப்பானில் ஓர் இடைநிலைக் கட்டு வந்திருக்கும். கன்சோலில் உள்ள சென்ஸ் ஸ்விட்ச் 1-ஐப் போட்டால் கூற்றுகளை ஒவ்வொன்றாக டைப்ரைட்டரில் அடித்துக் காட்டும். ஆனால் டைப்ரைட்டர் நொடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். நீளமான நிரல் என்றால் போடாதீர்கள்.

இரண்டாம் பாஸ்: 'பாஸ் 2' கட்டை லோட் செய்து, அதன்பின் இடைநிலைக் கட்டை வையுங்கள். இம்முறை வெளியே வருவது ஆப்ஜெக்ட் கட்டு. உங்கள் நிரல் பொறியின் மொழிக்கு மாறிய வடிவம் இது. 16, 26, 38 எல்லாம் இதற்குள் இருக்கின்றன. இடைநிலைக் கட்டின் வேலை முடிந்தது. ஆப்ஜெக்ட் கட்டின்மேல் உடனே பெயரும் தேதியும் எழுதிவையுங்கள். எல்லா ஆப்ஜெக்ட் கட்டுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஓட்டம்: ஆப்ஜெக்ட் கட்டு, அதற்குப் பின்னால் நூலகத் துணைநிரல்களின் கட்டு. லோட். தசம எண்களைப் பெருக்குவது, ஃபார்மேட்படி படிப்பது போன்ற வேலைகள் அந்தத் துணைநிரல்களில்தான் இருக்கின்றன. அது இல்லாமல் எதுவும் ஓடாது. ஏறி முடிந்ததும் தரவு அட்டைகளைப் போடச் சொல்லும். முதல் எட்டு நெடுவரிசையில் 3.00, அடுத்த எட்டில் 4.00 என்று ஓர் அட்டை. இன்னும் சில அட்டைகள் உங்கள் விருப்பப்படி. ஸ்டார்ட்.

நிரல் முடிவில்லாமல் 10-க்குத் திரும்பிக்கொண்டே இருக்கிறதே, எப்படி நிற்கும்? தரவு தீர்ந்ததும் ரீடரில் அட்டை இல்லாமல் காத்து நிற்கும். 'ரீடர் நோ ஃபீட்' விளக்கு எரியும். அன்றைய வழக்கத்தில் அதுவே முடிவு. அடுத்தவர் வந்து ரீசெட் அழுத்துவார்.

விடை அட்டைகளை எடுத்துக்கொண்டு ஐபிஎம் 407 அச்சு மெஷினுக்குப் போங்கள். அங்கே தாளில் அச்சடித்தால் 3.00, 4.00, 25.00 என்று வரும். 'பஞ்ச்'-க்குப் பதில் 'டைப்' என்று எழுதியிருந்தால் விடை நேராக டைப்ரைட்டரிலேயே வந்திருக்கும். நாலைந்து வரி விடை என்றால் அது போதும். அதற்குமேல் போனால் அட்டையே நல்லது; டைப்ரைட்டர் அடித்து முடிக்கும் வரை கணினி வேறெதுவும் செய்யாமல் நிற்கும்.

வகுப்பில் ஐம்பது பேருடைய சின்ன நிரல்களை ஓட்ட இந்த இரண்டு பாஸ் முறை ஒத்துவராது. அதற்காகவே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோர்கோ உருவானது. கம்பைலர் ஒருமுறை ஏறி நினைவகத்திலேயே இருக்கும். மாணவரின் நிரலும் தரவும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஆப்ஜெக்ட் கட்டு எதுவும் துளையிடாமல் நேராக ஓட்டிவிடும். வேகம் குறைவுதான், ஆனால் பயிற்சிக்கு அதுவே ஏற்றது. ஒரே நிரலைத் திரும்பத் திரும்பப் பல தரவுகளுக்கு ஓட்டப்போகிறீர்கள் என்றால் மட்டும் ஆப்ஜெக்ட் கட்டு வரை போங்கள்.

பொறி நின்றுவிட்டால்

முதலில் விளக்குகளைப் பாருங்கள், பொத்தான்களை அழுத்தாதீர்கள். ரீசெட் அழுத்தினால் தடயம் போய்விடும். எந்த செக் விளக்கு எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரீடர் செக் என்றால் அட்டை கசங்கியிருக்கலாம். முகவரிப் பதிவகத்தின் செக் என்றால், நிரல் தரவைக் கட்டளையாக நினைத்து ஓட முயன்றிருக்கும் வாய்ப்பு அதிகம்.

அடுத்து, எங்கே நின்றது? தேர்வுக் குமிழை ஐஆர்-1-க்குத் திருப்பி, 'டிஸ்ப்ளே எம்ஏஆர்' அழுத்தினால், அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி விளக்குகளில் தெரியும்.

மெதுவாக ஓட்டிப் பார்க்க ஸ்டாப்-எஸ்ஐஇ. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு கட்டளை. நம் முதல் நிரலில் இரண்டு தடவை அழுத்திவிட்டு நின்றால் 42 நினைவகத்தில் தயார், ஆனால் தாளில் இன்னும் எதுவும் இல்லை.

நினைவகத்தை அடித்துப் பார்க்க 35-ஆம் கட்டளை. ரீசெட், இன்சர்ட், '35 00400 00100', ரிலீஸ், ஸ்டார்ட் என்றால் 00400-இலிருந்து வரிசையாக அடிக்கும். ரெக்கார்டு மார்க்கையும் ஒரு குறியாக அடித்துவிட்டு மேலே போகும். 20,000 இலக்கமும் அடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேண்டியதைப் பார்த்ததும் ரிலீஸ் அழுத்தி நிறுத்திவிடுங்கள். இந்தக் கட்டளை 00000 முதல் 00011 வரை உள்ளதன்மேல் எழுதப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போலிப்பொறியில்

சிம்ஹெச்சில் அட்டைக் கட்டு என்பது ஓர் எழுத்துக் கோப்பு. ஒரு வரி ஓர் அட்டை. 'அட்டாச்' கட்டளையால் கோப்பை ரீடருடன் இணைப்பதுதான் தட்டில் அட்டை வைப்பது. துளைப்பானுக்கு ஒரு வெற்றுக் கோப்பை அதேபோல் இணைக்க வேண்டும். லோட் பொத்தானுக்கு ஈடு 'பூட்'. பாஸ் 1 முடிந்ததும் ரீடரில் கோப்பை மாற்றுவது, துளைப்பானின் கோப்பைக் கழற்றிப் பாஸ் 2-க்கு உள்ளீடாகக் கொடுப்பது எல்லாம் மேலே சொன்ன வரிசையிலேயே நடக்கும். கழற்றாமல் விட்டால் கடைசி அட்டைகள் கோப்பில் எழுதப்படாமல் போகலாம். சின்னக் கட்டுகளை ஒரே கோப்பாகச் சேர்த்துவைப்பதைவிட ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக, தெளிவான பெயரோடு வைத்திருப்பதையே நான் விரும்புவேன்.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு ஒரு பயிற்சி. கூட்டல் நிரலைப் பெருக்கல் நிரலாக மாற்றி, அதையும் ஒரே அட்டையில் அடக்குங்கள். குறியீடு 13. விடை 00099-இல் முடியும்படி வரும். அதை 26-ஆம் கட்டளையால் உங்கள் இடத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது ஆறு கட்டளைகள், 72 இலக்கம். ஆகவே 00070 இனிக் கட்டளையின் நடுவே விழும். எண்ணை 00078-க்கும் ரெக்கார்டு மார்க்கை 00079-க்கும் தள்ளுங்கள். இரண்டிலக்கத்தை இரண்டிலக்கத்தால் பெருக்கினால் விடை நான்கு இலக்கம்; எனவே 00075-இலிருந்து அடிக்கச் சொல்ல வேண்டும். அட்டையின் 80 நெடுவரிசையும் துல்லியமாக நிறையும். 25-ஐயும் 17-ஐயும் கொடுத்தால் 0425 வர வேண்டும்.